புள்ளிப் படம் தீர்ப்பு எழுதலாமா?

நிறப்பார்வைக் குறைபாடு பற்றி இன்று ஒருவர் முதன்முதலில் தெரிந்துகொள்வது கைப்பேசியில்தான். ஒரு வட்டத்துக்குள் பச்சையும் ஆரஞ்சுமாகப் புள்ளிகள், நடுவில் ஓர் எண். ‘74 தெரிந்தால் உங்கள் கண் நன்றாக இருக்கிறது, 21 தெரிந்தால் நீங்கள் கலர் பிளைண்ட்’ என்று கீழே ஒரு வரி. அடுத்த படத்தில் ஒரே பழக்கடை இரண்டு தடவை வருகிறது: இடப்பக்கம் ‘நாம் பார்ப்பது’, வலப்பக்கம் எல்லாம் சேற்று நிறமாக ‘அவர்கள் பார்ப்பது’. அதற்கடுத்து ஒரு காணொளி. பரிசாக வந்த கண்ணாடியை மாட்டிக்கொண்ட இளைஞர் மரங்களைப் பார்த்து விம்மி அழுகிறார். ஐந்து நிமிடத்தில் பாடம் முடிந்துவிடுகிறது. இவர்களுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. அதனால் ரயில் ஓட்டக் கூடாது, அறுவை சிகிச்சை செய்யக் கூடாது, மின்கம்பத்தில் ஏறக் கூடாது. பாவம், கண்ணாடி வாங்கிப் போட்டால் சரியாகிவிடும்.

இந்தப் பாடம் தவறு. கைப்பேசியோடு நின்றிருந்தால் பொருட்படுத்தாமல் விட்டுவிடலாம். ஆனால் மருத்துவத் தகுதிச் சான்றில் கையெழுத்துப் போடும் மேசை வரைக்கும் இதே பாடம்தான் போயிருக்கிறது. எழுத்துத் தேர்வில் தேறி, நேர்காணலில் தேறி, கடைசியில் புள்ளிப் படத்தின் முன்னால் தோற்றுத் திரும்புகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் படம் ஒருவருடைய விழித்திரையில் இருக்கும் நிறமியைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறது. அவரால் எந்த வேலையைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று அது சொல்வதில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது அறிவியல் செய்த வேலை இல்லை. ஒரு பழைய பயமும், நிறத்தை மட்டுமே நம்பி அடையாளம் வைத்துப் பழகிய நம் சோம்பலும் செய்த வேலை.

முதலில் கண்ணுக்குள் நடப்பதைப் பார்ப்போம். விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உள்ளன. ஒன்று 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியும், இன்னொன்று 530ஐ ஒட்டியும், மூன்றாவது 560ஐ ஒட்டியும் அதிகம் துலங்குகின்றன. பின்னிரண்டும் எவ்வளவு நெருக்கமானவை என்று கவனியுங்கள். அவற்றுக்கான மரபணுக்களும் எக்ஸ் குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரியான வரிசையோடு அமைந்திருக்கின்றன. ஜெரமி நாதன்ஸ் குழு 1986இல் இதைக் கண்டறிந்து வெளியிட்டது. இவ்வளவு ஒத்த மரபணுக்கள் அருகருகே இருப்பதால் தலைமுறை கைமாறும்போது ஒன்றோடொன்று கலந்துவிடுவது எளிது. கலந்தால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒரு வகைக் கூம்பு முற்றிலும் இல்லாமல் போகலாம். அல்லது மூன்றும் இருந்து, அதில் ஒன்றின் உச்சம் மட்டும் மற்றொன்றை நோக்கி நகர்ந்திருக்கலாம்.

அதிகம் நடப்பது இரண்டாவதுதான். வட ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் நூற்றுக்கு எட்டுப் பேருக்குச் சிவப்பு–பச்சை வேறுபாடு குறைவு என்பது பாடநூல் கணக்கு. அந்த எட்டில் ஏறத்தாழ ஆறு பேருக்கு மூன்று கூம்புகளும் உண்டு. அவர்களில் பலர் தக்காளியைச் சிவப்பு என்றும் இலையைப் பச்சை என்றும் நம்மைப் போலவே சொல்லிவிடுவார்கள். மங்கிய வெளிச்சத்தில், சின்னப் பொருளில், வெளிறிய நிறங்களில்தான் தடுமாற்றம் வரும். பழக்கடைப் படத்தின் வலப்பக்கம் காட்டுவது ஒரு வகைக் கூம்பே இல்லாத கடைக்கோடி நிலையை. அதையும் ஒரு கணக்கீட்டு மாதிரியாகத்தான் காட்டுகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘ஐயோ, இவர்கள் உலகம் இப்படியா’ என்று இரக்கப்படுவது, பெரும்பாலோருக்கு இல்லாத ஒரு துன்பத்துக்காக இரக்கப்படுவது. நிறமே தெரியாமல் எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது வேறொரு நிலை. முப்பதாயிரத்தில் ஒருவருக்கு வரும் அளவுக்கு அரிது. வெளிச்சத்தில் கண் கூசுவதும் பார்வைக் கூர்மை குறைவதும் அதோடு சேர்ந்தே வரும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துப் பேசுவதால்தான், ‘எனக்குச் சில நிறங்களில் குழப்பம் வரும்’ என்று ஒருவர் சொன்ன மறுகணமே பக்கத்தில் இருப்பவர் தன் சட்டையைப் பிடித்து ‘இது என்ன கலர், சொல்லு பார்ப்போம்’ என்று ஆரம்பிக்கிறார். சரியாகச் சொல்லிவிட்டால் ‘சும்மா கதை விடுறான்’ என்பார். தவறாகச் சொன்னால் மேசையைச் சுற்றிச் சிரிப்பு. பள்ளியில் இதற்குப் பயந்து வாயைத் திறக்காமலேயே படித்து முடித்த பிள்ளைகளை நான் அறிவேன்.

‘நாம் பார்ப்பது’ என்று இடப்பக்கம் போடுகிறார்களே, அதையாவது முழுமை என்று சொல்ல முடியுமா? நீங்கள் கையில் வைத்திருக்கும் கைப்பேசித் திரையில் மஞ்சள் ஒளி என்று ஒன்று கிடையாது. சிவப்பும் பச்சையும் நீலமும் மட்டும்தான். சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் சேர்ந்து எரியும்போது நம் கண் அதை மஞ்சள் என்கிறது. சோடியம் விளக்கின் மஞ்சளோ ஏறத்தாழ ஒரே அலைநீளம், 589 நானோமீட்டர். இயற்பியல்படி இவ்விரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. நிறமாலைக் கருவி உடனே பிரித்துக் காட்டிவிடும். ‘நல்ல கண்’ணால் பிரிக்க முடியாது. திரைத் தொழில்நுட்பம் முழுவதும் நம் கண்ணின் இந்தக் குறையின் மேல்தான் நிற்கிறது.

ராலே பிரபு 1881இல் செய்த சோதனை இங்கே முக்கியம். சிவப்பையும் பச்சையையும் கலந்து ஒரு தூய மஞ்சளுக்கு ஈடாக்கிக் காட்டும்படி பலரைக் கேட்டார். பெரும்பாலோர் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்தார்கள். அவருடைய மைத்துனர்கள் உட்படச் சிலர் மட்டும் முற்றிலும் வேறு விகிதத்தில் கலந்தார்கள். மற்றவர்கள் ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொன்ன கலவை அவர்களுக்குத் தெளிவாக இரண்டாகத் தெரிந்தது; அவர்கள் ‘ஒன்று’ என்றது மற்றவர்களுக்கு இரண்டாகத் தெரிந்தது. அதாவது, கூம்பின் உச்சம் நகர்ந்த கண்ணுக்கு நமக்குத் தெரியாத சில வேறுபாடுகள் தெரிகின்றன. கேம்பிரிட்ஜ், நியூகாசில் ஆய்வாளர்கள் 2005இல் இதைச் சோதனையில் மறுபடி நிறுவினார்கள்: நமக்கு ஒரே காக்கி போலத் தோன்றும் நிறங்களை அத்தகைய கண்ணுள்ளவர்கள் வேறு வேறாகக் கண்டார்கள். வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிக்கு நிறம் பிரிக்க நான்கு வகைக் கூம்புகள் உண்டு. அதன் கணக்கில் நாம் எல்லோருமே குறைபாடு உள்ளவர்கள்தான். கண்கள் பல மாதிரி. எண்ணிக்கையில் அதிகமாக இருக்கும் மாதிரிக்கு ஏற்ப நாம் உலகத்தை வண்ணம் அடித்து வைத்திருக்கிறோம். இதை மறந்துவிட்டு எதிராளியைக் குறையுள்ளவர் என்பது நியாயம் ஆகாது.

இப்போது புள்ளிப் படத்துக்கு வருகிறேன். ஷினோபு இஷிஹாரா என்ற ஜப்பானியக் கண் மருத்துவர் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் தேவைக்காக உருவாக்கி, 1917இல் வெளியிட்டது அது. அபாரமான கருவி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. புள்ளிகளின் அளவும் வெளிர்–அடர்த்தியும் வேண்டுமென்றே தாறுமாறாக வைக்கப்பட்டிருக்கும். எண்ணும் பின்னணியும் நிற வேறுபாடு ஒன்றினால் மட்டுமே பிரியும். நிறத்தைத் தவிர வேறு எந்தத் துப்பும் கிடைத்துவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். மிக லேசான வேறுபாடு உள்ளவரையும் அது பிடித்துவிடுவது அதனால்தான்.

அதே காரணத்தால்தான் அதை வேலைத் தகுதிக்கு அளவுகோலாக்கவும் முடியாது. நிஜ உலகில் எந்தப் பொருளும் வெறும் நிறமாக மட்டும் வருவதில்லை. அதற்கு இடம் உண்டு, வடிவம் உண்டு, பளபளப்பு உண்டு, அடர்த்தி உண்டு, சூழல் உண்டு. மிளகாய்ச் செடியில் பழம் பறிக்கும் கை, நிறத்தோடு தோலின் மினுமினுப்பையும் சேர்த்தே பார்க்கிறது. சாலை விளக்கில் சிவப்பு மேலே, பச்சை கீழே. அந்தப் பச்சையும் இலைப் பச்சை இல்லை. நீலம் கலந்த பச்சை. சிவப்பு–பச்சை குழம்புபவர்களுக்கும் பிரிந்து தெரிய வேண்டும் என்பதற்காகவே சர்வதேசத் தரங்கள் அதை நீலத்தின் பக்கம் தள்ளி வைத்திருக்கின்றன. இந்தத் துப்புகளை எல்லாம் உருவிவிட்டு ஒருவரைச் சோதிப்பது சந்தேகப் பட்டியல் எடுக்க உதவும். பட்டியலில் வந்தவர்களுக்கு எந்த வகை, எவ்வளவு என்று அளக்க வேறு சோதனைகள் வேண்டும். அவை இருக்கின்றன: ராலேயின் கண்டுபிடிப்பை வைத்து நாகல் 1907இல் செய்த அனோமலோஸ்கோப், ஃபார்ன்ஸ்வொர்த்தின் 15 வில்லைகளை வரிசைப்படுத்தும் சோதனை, சிறு வண்ண விளக்குகளைக் காட்டிக் கேட்கும் லாந்தர் சோதனை. புள்ளிப் புத்தகம் மலிவு. இரண்டு நிமிடத்தில் வேலை முடியும். அதனால் பல இடங்களில் அதுவே முதலும் முடிவுமாகிவிடுகிறது. நீலம்–மஞ்சள் குழம்புவோரை அது கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசியில் பார்ப்பது இன்னும் மோசம். அந்தப் புத்தகத்தைப் பகல் வெளிச்சத்தில், 75 செ.மீ. தூரத்தில் வைத்து, மூன்று வினாடிக்குள் படிக்கச் சொல்ல வேண்டும் என்பது விதி. திரைக்குத் திரை நிறம் மாறும். இரவில் தானாக மஞ்சள் ஏறும். படத்தைச் சுருக்கி அனுப்பும்போது புள்ளிகளின் ஓர நிறங்கள் கலங்கும். அதில் தோற்றவர் பயப்படவும் வேண்டாம், தேறியவர் நிம்மதி அடையவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும் என்பதற்கு மேல் அந்தத் திரை எதையும் சொல்ல முடியாது.

கிறிஸ் ரோஜர்ஸை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் தொடக்க ஆட்டக்காரர், டெஸ்டில் ஐந்து சதம் அடித்தவர். சிவப்பு–பச்சை நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர். பச்சைப் புல்வெளியில் சிவப்புப் பந்து! கைப்பேசிப் பாடத்தின்படி அவர் மட்டையைத் தொட்டிருக்கவே கூடாது. வேகப்பந்து வீச்சாளர் கையிலிருந்து பந்து கிளம்புவதை அவர் வெளிச்ச வேறுபாட்டிலும் அசைவிலும் பிடித்தார். காலமெல்லாம் ரன் எடுத்தார். பகலிரவு ஆட்டத்துக்கு இளஞ்சிவப்புப் பந்து வந்தபோதுதான் தனக்குச் சிரமம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். விக்கெட் கீப்பர் மேத்யூ வேடும் அதையே சொன்னார். சிரமம் எங்கே வரும், எங்கே வராது என்று அவர்களுக்கே துல்லியமாகத் தெரிந்திருந்தது. ஒரு புத்தகத்தைப் புரட்டி யாராவது முன்கூட்டியே தீர்ப்பு எழுதியிருந்தால் அந்தச் சதங்கள் நடந்திருக்காது.

பயம் எங்கிருந்து வந்தது என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1875 நவம்பரில் ஸ்வீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் நேருக்கு நேர் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். உப்சாலா பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் பேராசிரியர் ஹோல்ம்கிரென், ஓட்டுநர் தரப்பில் யாரோ ஒருவர் விளக்கின் நிறத்தைத் தவறாகக் கண்டிருக்க வேண்டும் என்று வாதிட்டார். வண்ணக் கம்பளி நூல்களைப் பிரிக்கச் சொல்லும் ஒரு சோதனையை உருவாக்கி ரயில்வேயை ஏற்கவும் வைத்தார். அங்கிருந்து உலகம் முழுவதும் ரயில்களிலும் கப்பல்களிலும் நிறப்பார்வைச் சோதனை பரவியது. அந்த விபத்தின் பதிவுகளை இந்த நூற்றாண்டில் மறுபடி படித்த ஆய்வாளர்கள், நிறக்குழப்பம்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் போதாது என்று காட்டியிருக்கிறார்கள். ஆனால் அந்தக் கதை அதற்குள் விதியாகிவிட்டது.

என் தரப்புக்கு எதிராக ஒரு விபத்தைக் காட்டுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2002 ஜூலை 26 அதிகாலை, அமெரிக்காவின் டலஹாசி விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு சரக்கு விமானம் ஓடுபாதைக்கு முன்னாலேயே மரங்களில் மோதியது. அதில் இருந்த மூன்று பேரும் உயிர் தப்பினார்கள். விமானம் தாழ்ந்துவிட்டால் ஓடுபாதை ஓரத்தில் நான்கு விளக்குகளும் சிவப்பாகத் தெரியும். சரியான உயரத்தில் வந்தால் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பு. விமானத்தை ஓட்டிய துணை விமானிக்கு நிறப்பார்வைக் குறைபாடு இருந்தது. விசாரணை வாரியம் விமானிகளின் களைப்பு, நடைமுறை மீறல் ஆகியவற்றோடு அந்தக் குறைபாட்டையும் துணைக் காரணமாகச் சேர்த்தது.

இதை நான் மறைக்க மாட்டேன். நிறம் மட்டுமே தகவலாக இருக்கும் இடத்தில், நொடிகளுக்குள் முடிவெடுக்க வேண்டிய வேலையில், கடும் குறைபாடு உள்ளவரை அமர்த்துவது ஆபத்து. ஆனால் அந்த அறிக்கையை முழுதாகப் படிக்க வேண்டும். அந்தத் துணை விமானி சோதிக்கப்படாமல் வந்தவர் இல்லை. விதிப்படி சோதிக்கப்பட்டு, பறக்கலாம் என்று அனுமதி பெற்றவர். நடைமுறையில் இருந்த சோதனைகள் ஓடுபாதை விளக்கைப் படிக்கும் திறனை அளக்கின்றனவா என்று ஆராயும்படிதான் வாரியம் பரிந்துரைத்தது. பொருத்தமில்லாத சோதனை, தகுதியுள்ளவரை வெளியே தள்ளும். தகுதியில்லாதவரை உள்ளே விடும். இரண்டு தவறும் ஒரே வேரிலிருந்து வருபவை. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் லண்டன் சிட்டி பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, ஓடுபாதை விளக்கைப் படிக்க எவ்வளவு நிறப்பார்வை தேவை என்று முதலில் அளந்து, அதற்கேற்ற கணினிச் சோதனையை 2009இல் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் அதற்கும் முன்னால், 1989இலேயே, நிறப்பார்வைக் குறைபாடுள்ள ஒரு விமானியின் வழக்கில் நிர்வாக மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் நிபுணர்களை உட்காரவைத்து நெடுநாள் விசாரித்து, பொதுத் தடைக்கு நியாயமில்லை என்றது.

நம் நாட்டிலும் நீதிமன்றப் படி ஏறித்தான் இது நகர்ந்திருக்கிறது. திரிபுராவில் எம்.பி.பி.எஸ். படிப்புக்குத் தேர்வான மாணவர்களை நிறப்பார்வை காரணம் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் நிபுணர் குழு அமைக்கச் சொல்லி, 2017இல் அவர்களைச் சேர்க்க உத்தரவிட்டது. பிரிட்டன் போன்ற நாடுகளில் இது மருத்துவப் படிப்புக்குத் தடையே இல்லை. சருமத்தின் சிவப்பையோ மலத்தில் ரத்தத்தையோ கண்டுபிடிக்கச் சிரமம் வரும் என்று தெரிந்த மருத்துவர் கூடுதல் வெளிச்சம் போட்டுப் பார்ப்பார், செவிலியரைக் கேட்பார், பரிசோதனைக்கு அனுப்புவார். தன் கண்ணின் எல்லை தெரிந்தவர் அவர். அணுக்கொள்கை தந்த ஜான் டால்ட்டன் ஒரு வகைக் கூம்பே இல்லாத கண்ணோடு வாழ்நாள் முழுக்க வேதியியல் செய்தார். தன் நிறப்பார்வையைப் பற்றி 1794இல் மான்செஸ்டரில் முதன்முதலாக விரிவுரை ஆற்றியவரும் அவரே. பாதுகாக்கப்பட்ட அவர் கண்ணின் மரபணுவை 1995இல் ஆராய்ந்து எந்தக் கூம்பு இல்லை என்பதையும் உறுதி செய்துவிட்டார்கள்.

புனே திரைப்படக் கல்லூரியில் படத்தொகுப்புப் படிப்புக்குத் தேர்வான ஒருவரைக் குறைபாட்டைச் சொல்லி மறுத்த வழக்கில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லாப் படிப்புகளிலும் நிறப்பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கு இடம் தர வேண்டும் என்றது. திரைப்படம் பலர் கூடிச் செய்யும் கலை. நிறச் சீரமைப்புக்கு ஒருவரைத் துணை வைத்துக்கொள்ள முடியாதா? கிறிஸ்டோபர் நோலனுக்குச் சிவப்பு–பச்சைக் குறைபாடு உண்டு என்பது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவர் படங்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் நாட்டில் அவரைப் போன்ற ஒரு மாணவருக்குக் கதவு அடைத்திருந்தது. சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2020 ஜூனில் விதியைத் திருத்தி, லேசான, நடுத்தரக் குறைபாடு உள்ளவர்கள் ஓட்டுநர் உரிமம் பெறலாம் என்றது. அதற்கு முன்பு வரை உரிமம் கேட்டவர்களில் எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்? பொய்யைச் சொல்லவைத்த விதி சாலையைப் பாதுகாத்தது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

தமிழ்நாட்டு வழக்கைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மின் உற்பத்தி மற்றும் பகிர்மானக் கழகத்தில் உதவிப் பொறியாளர் (மின்னியல்) பணிக்குத் தேர்வான ஒருவருக்கு மருத்துவச் சோதனையில் நிறப்பார்வைக் குறைபாடு தெரியவந்தது, வேலை மறுக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பணி தரச் சொல்லித் தீர்த்தது. அந்த வழக்கில் வெளிப்பட்ட சிக்கல் கொடுமையானது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதில் நிறப்பார்வைக் குறைபாடு இல்லை. ஆக, ஒதுக்கீடு கேட்டால் ‘நீ மாற்றுத்திறனாளி இல்லை’ என்பார்கள். பொதுப் பட்டியலில் வேலை கேட்டால் ‘நீ உடல் தகுதி இல்லாதவன்’ என்பார்கள். ஒரே ஆளை இரண்டு வாசலிலும் நிறுத்தி அனுப்பும் ஏற்பாடு இது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக அவருக்கு நியாயமான மாற்று ஏற்பாடு செய்யும் பொறுப்பு நிறுவனத்துக்கு இல்லாமல் போகாது என்று நீதிமன்றம் சொன்னது. 2025 ஆகஸ்டில் தெலங்கானா அரசுப் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் வழக்கிலும், ஓட்ட முடியாவிட்டால் வேறு பணி கொடு, வீட்டுக்கு அனுப்பாதே என்றுதான் தீர்ப்பு வந்தது.

என் அக்கா மகனும் இப்படிப் புள்ளிப் புத்தகத்தின் முன்னால் வேலை இழந்தவன். அவன் அப்பாவுக்கு மைக் செட் கடை. பள்ளி நாளிலிருந்தே ஆம்ப்ளிஃபயரைப் பிரித்து மாட்டுவான். ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பார்த்து மதிப்பு சொல்ல மாட்டான். மீட்டரை வைத்து அளப்பான். வயர் சேர்ப்பதற்கு முன்னால் டெஸ்டரை வைத்துப் பார்ப்பான், முனையில் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதுவான். நிறத்தை நம்பி வேலை செய்கிறவர்கள் அவசரத்தில் விடும் பிழையை அவன் விட்டதில்லை என்று கடைக்கு வரும் பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். மருத்துவ அறையில் நாலு பக்கம் புரட்டினார்கள், ‘அன்ஃபிட்’ என்று எழுதினார்கள். வயர் ஒன்றைக்கூட அவன் கையில் கொடுத்துப் பார்க்கவில்லை. அன்று வீட்டில் அக்காதான் அதிகம் அழுதாள். ‘தாய் வழியில் வருவது’ என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். ஆணுக்கு எக்ஸ் குரோமோசோம் அம்மாவிடமிருந்து வருகிறது, அவ்வளவுதான் அதன் பொருள். அவளிடமே இன்னொரு எக்ஸும் இருக்கிறது. எது போய்ச் சேரும் என்பது யார் கையிலும் இல்லை. அறிவியலைப் பாதியில் படித்துத் தாயின் தலையில் பழி போடுவதும் இந்தக் கைப்பேசிப் பாடத்தின் விளைவுதான்.

கண்ணாடி விஷயத்தில் நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சிவப்புக்கும் பச்சைக்கும் இடையில் கூம்புகள் பொதுவாக உணரும் அலைநீளங்களைக் கொஞ்சம் வடிகட்டிவிடும் கண்ணாடிகள் அவை. சில பொருள்கள் சற்று எடுப்பாகத் தெரியலாம். விழித்திரையில் இல்லாத நிறமியை ஒரு வடிகட்டி உண்டாக்க முடியாது. ஸ்பெயினின் கிரனாடா பல்கலைக்கழகத்தார் 2018இல் சோதித்து, அது நிறப்பார்வையைச் சரிசெய்வதில்லை, சாதாரணக் கண்ணுக்குச் சமமாக்குவதுமில்லை என்று வெளியிட்டார்கள். அழுகைக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கடன் வாங்கி வெளிநாட்டுக் கண்ணாடி தருவித்துப் பிள்ளைக்கு மாட்டிவிடும் பெற்றோரைப் பார்க்கையில் எனக்கு ஆத்திரம் வருகிறது. அந்தப் பிள்ளை அழவில்லை என்றால் ‘உனக்கு இன்னும் தெரியவில்லையா’ என்று அதையும் அவன் குறையாக்குவார்கள்.

பணத்தையும் அக்கறையையும் வேறு பக்கம் திருப்ப வேண்டும். அதற்கு நல்ல முன்மாதிரிகள் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இஸ்திரிப் பெட்டியின் வயரைப் பிரித்துப் பாருங்கள்: எர்த் வயர் பச்சையில் மஞ்சள் கோடு போட்டது. பிரிட்டனில் ஒரு காலத்தில் சிவப்பு வயரில் மின்சாரமும் பச்சை வயரில் எர்த்தும் இருந்தன. குழம்பினால் உயிர் போகும். ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு பழுப்பு, நீலம், பச்சை–மஞ்சள் கோடு என்று மாற்றினார்கள். யாரையும் வேலையிலிருந்து நீக்காமல் வயரை மாற்றினார்கள். நம் உணவுப் பொட்டலங்களில் சைவத்துக்குப் பச்சை வட்டம், அசைவத்துக்குப் பழுப்பு வட்டம் என்று இருந்தது. இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிற கண்ணுள்ளவர் கடையில் என்ன செய்வார்? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020ஆம் ஆண்டு விதிகளில் அசைவக் குறியை முக்கோணமாக்கியது. செலவு ஒன்றுமில்லை; பச்சை வட்டம் பச்சை வட்டமாகவே இருக்கிறது.

இதே 2020இல்தான் கொரோனா காலத்தில் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை மண்டலங்களாகப் பிரித்து, தொலைக்காட்சிகளிலும் நாளிதழ்களிலும் வரைபடம் வரைபடமாகப் போட்டார்கள். மருந்து வாங்க வெளியே போகலாமா என்ற கேள்விக்கு விடை அந்தப் படத்தில் இருந்தது. குழம்புவதற்கென்றே தேர்ந்தெடுத்தாற்போன்ற மூன்று நிறங்கள். படத்தில் ‘சி’, ‘ஆ’, ‘ப’ என்று ஓரெழுத்து போட்டிருக்கலாம். புள்ளி, கோடு, கட்டம் என்று நிரப்பியிருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. வினாத்தாளில் வண்ண வட்ட விளக்கப்படம், சார்ஜரில் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் ஒற்றை விளக்கு, இணையப் படிவத்தில் தவறைச் சிவப்புக் கட்டமாக மட்டும் காட்டுவது எல்லாம் இதே வகை. தகவலை நிறத்தால் மட்டும் சொல்லக் கூடாது என்பது இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிகளில் எழுதியே வைத்திருக்கும் விதி. அதைப் படிக்க எந்தச் சோதனையும் தேவையில்லை.

பரிசோதனையே வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். அதையும் நான் ஏற்கவில்லை. ஜப்பானில் 2003இல் பள்ளிகளின் கட்டாயச் சோதனைகளிலிருந்து நிறப்பார்வையை எடுத்துவிட்டார்கள். பாகுபாடு ஒழியட்டும் என்ற நல்ல எண்ணம்தான். விளைவு, தன் கண்ணைப் பற்றித் தெரியாமலேயே வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கான மருத்துவச் சோதனையில் முதன்முதலாக அதிர்ந்தார்கள். பத்தாண்டுகளுக்குப் பிறகு கல்வி அமைச்சகமே, விரும்புவோருக்குப் பள்ளியில் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று மறுபடி சுற்றறிக்கை விட வேண்டியதாயிற்று. நம் ஊரில் பெரும்பாலோர் நிலைமை இன்றும் அதுதான். பொறியியல் முடித்து, வயதும் பணமும் செலவழித்து, கடைசி வாசலில் தெரிந்துகொள்கிறார்கள்.

எட்டாம் வகுப்பில் சோதியுங்கள். ஆசிரியர் முன்னிலையில் வகுப்பில் வைத்து வேண்டாம். தனியாக, பெற்றோரை உட்காரவைத்துச் செய்யுங்கள். புள்ளிப் படத்தோடு நிறுத்தாமல் எந்த வகை, எந்த அளவு என்று அளந்து தாளில் எழுதிக் கொடுங்கள். எந்த வேலைகளில் சிரமம் வரும், எவற்றில் வராது என்று தமிழில் எழுதுங்கள். வேலைக்கு எடுக்கும் நிறுவனங்களும் தம் பங்குக்கு ஒன்றை எழுதி வெளியிடட்டும்: இந்தப் பணியில் எந்த விளக்கை, எந்த வயரை, எவ்வளவு தூரத்தில், எத்தனை வினாடிக்குள், நிறத்தை மட்டுமே வைத்து அடையாளம் காண வேண்டியிருக்கிறது? அதை எழுத முடியாத நிறுவனத்துக்கு, புத்தகத்தைப் புரட்டி ஓர் இளைஞனைத் திருப்பி அனுப்பும் உரிமை இருக்கக் கூடாது.